அப்பாவின் டர்ன்டேபிளை மாற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் உங்கள் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-டி2 டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், பதினைந்து வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. இறக்கித் துடைத்துப் போட்டால் சுற்றுகிறது, பாட்டும் வருகிறது. ஆனால் வேகம் திடீர் திடீரென்று மாறுகிறது. இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கேட்கிறது. எல்லா எல்பி ரெக்கார்டிலும் கடைசிப் பாட்டு வரும்போது 'ச', 'ஸ' எழுத்துகள் சீறுகின்றன. கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. இதற்கே செலவழித்து மேம்படுத்தவா, புதிதாக ஒன்று வாங்கிவிடவா என்கிறீர்கள். தாத்தாவின் 78 தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ரெக்கார்டுகள், ஒரு பெட்டி இருப்பதையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பதில்: மாற்றாதீர்கள். மேம்படுத்தவும் இப்போதே கிளம்பாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் அழுக்காலும் தேய்ந்த ஊசியாலும் வருபவை. மெஷின் பழசானதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு.

டர்ன்டேபிள் என்று நாம் ஒரே பொருளாகச் சொல்வதில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ரெக்கார்டு உட்காரும் தட்டைச் சுழற்றும் பகுதி ஒன்று, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் இன்னொன்று, ஊசியும் அது செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜும் மூன்றாவது. முதல் இரண்டும் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் நாற்பது வருடம் பெரிய விஷயமில்லை. மூன்றாவது, டயர் மாதிரி தேய்கிற பொருள். பழைய பிளேயரைக் கேட்டுவிட்டு 'சத்தம் போய்விட்டது, வேறு வாங்கலாம்' என்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் டயர் தேய்ந்ததற்குக் காரை விற்கிறார்கள்.

உங்களுடையது டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும் வகை. டெக்னிக்ஸ் இந்த முறையை 1970-ல் எஸ்பி-10 என்ற மாடலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1972-ல் எஸ்எல்-1200 வந்தது, 1979-ல் அதன் மார்க்-2. உங்கள் டி2 அந்தக் குடும்பத்தின் எளிய தம்பி. லட்சக்கணக்கில் மோட்டார் உற்பத்தியான காலம் அது என்பதால் நடுத்தர விலைப் பெட்டிக்குள்ளும் நல்ல மோட்டாரை வைக்க அவர்களால் முடிந்தது. 2010-ல் எஸ்எல்-1200 தயாரிப்பை நிறுத்தினார்கள். 2016-ல் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய விலையைப் போலப் பல மடங்கு வைத்தார்கள். ஆகவே 35,000 ரூபாய்க்கு இன்று கிடைக்கும் புதிய பிளேயரின் மோட்டாரும் ஆர்மும் உங்கள் பரணில் இருந்ததைவிட உயர்ந்தவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயர்ந்தது அதில் இருக்கும் ஊசி மட்டுமாகவே இருக்கலாம். ஏனென்றால் அது புது ஊசி.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் ஆர்மைப் பாருங்கள். இதில் தோற்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். ஊசிக்கு உறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டி-ஸ்கேட் குமிழை (ஆர்ம் உள்பக்கமாக இழுபடுவதைத் தடுப்பது) பூஜ்யத்தில் வையுங்கள். பின்னால் உள்ள எடையைத் திருகித் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தராசு முள் போல அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். இப்போது பக்கவாட்டில் மெல்ல ஊதுங்கள். ஆர்ம் எங்கும் சிக்காமல் மிதந்து போக வேண்டும். ஓரிடத்தில் தயங்கினாலோ, தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டது போல நின்றாலோ பேரிங் கெட்டிருக்கலாம். அடுத்து ஆர்மின் நடுப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து, பல் ஆடுகிறதா என்று பார்ப்பது போல முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். 'டிக்' என்று ஆட்டம் தெரியக்கூடாது. ஆட்டம் லேசாக இருந்தால் கை பழகியவர் இறுக்கித் தருவார். பேரிங்கே நசுங்கியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்போது புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் வேகம். போனைத் தட்டின் மேல் வைத்து அளக்கும் செயலிகள் இருக்கின்றன, எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. இதைவிட எளிய வழி கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஒரு எல்பியைப் போட்டு, ஊசியையும் இறக்கிவிட்டு எண்ணுங்கள். ஊசி இல்லாமல் எண்ணினால் இழுவை இருக்காது, கணக்கு ஏமாற்றும். நூறு சுற்று 180 வினாடியில் முடிந்தால் சரி. 181 வினாடி ஆனால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் மெதுவாக ஓடுகிறது. அது காதுக்குத் தெரியாது. அரைக்கட்டை சுருதி மாற வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாற வேண்டும். உங்களுக்குத் தொந்தரவு தருவது நிலையான பிழை அல்ல, திடீர் மாற்றம்.

அந்தத் திடீர் மாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்தான். பதினைந்து வருடம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றதால் உள்ளே கரியின் மேல் அழுக்குப் படிந்துவிட்டது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைக் குமிழின் உடலுக்குள் ஒரு பீச்சு பீச்சி, கடைசி வரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். 33, 45 மாற்றும் பொத்தானுக்கும் அதே வைத்தியம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ டப்பா கிடைக்கும். துரு நீக்கும் ஸ்பிரே வேறு, இது வேறு. வீட்டில் இருக்கிறதே என்று டபிள்யூடி-40 அடித்துவிடாதீர்கள்.

வேகம் சரியா என்று காட்ட தட்டின் ஓரத்தில் மினுக்கும் ஸ்ட்ரோப் விளக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். தட்டின் ஓரப் புள்ளிகள் மெல்ல நகர்வது போலத் தெரிந்தால் மெஷின்தான் காரணம் என்பதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த க்வார்ட்ஸ் படிகம் இல்லாத மாடல்களில் அந்த விளக்கு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை நம்பித்தான் மினுக்குகிறது. நம் மின்கட்டமைப்பில் 49.90-லிருந்து 50.05 வரை ஏறி இறங்க அனுமதி உண்டு. அந்தக் கூடுதல் குறைச்சல் புள்ளிகளில் தெரியும், பாட்டில் தெரியாது.

ரெக்கார்டைத் தாங்கும் அந்தச் சுழல்தட்டைத் தூக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டெக்னிக்ஸ் மாடல்கள் பலவற்றில் மோட்டாரின் காந்தம் தட்டின் அடியிலேயே ஒட்டியிருக்கும். மின்சாரம் ஓடும்போது தூக்கினால் உள்ளே இருக்கும் ஐசிக்கு ஆபத்து. அந்த ஐசி போனால் உதிரிக்கு இன்னொரு பழைய மெஷினைத்தான் தேட வேண்டும். தூக்கிய பிறகு நடுத்தண்டில் லேசான மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். தையல் மெஷினுக்கு விடுவது சரிப்படும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிரிக்காதீர்கள், விட்டவரைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் அது உறைந்து, தட்டு ஸ்டார்ட் ஆகவே அரை நிமிடம் எடுத்தது.

இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கேட்பதற்கு முதல் சந்தேகம் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் மேல். ஆர்மின் நுனியில் திருகி மாட்டும் அந்தக் கழுத்துக்குள் நான்கு சிறிய முனைகள் இருக்கும், அவை கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடைத்தால் பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு நூல் மாதிரி ஒயர்கள்: வெள்ளை, நீலம் இடது பக்கம், சிவப்பு, பச்சை வலது பக்கம். அதன் கிளிப்புகளைக் கழற்றி மாட்டும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், உலோகத்தைச் சின்ன ட்வீசரால் பிடியுங்கள். பழைய ஒயர் கையோடு வந்துவிடும், எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் 'ம்ம்ம்' என்று உறுமினால் ஆம்பிளிஃபயருக்குப் போகும் தனி எர்த் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தச் சீறல். இதுதான் உங்கள் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன்.

எல்பியில் வெளிப்பள்ளம் ஒரு சுற்றுக்கு ஊசியின் அடியில் நீளமாக ஓடுகிறது, உள்பள்ளம் குட்டையாக. தட்டின் வேகம் ஒன்றுதான், ஆனால் ஊசி பார்க்கும் வேகம் வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர், கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர். அதே 'ஸ்' ஒலியை வெளியே நீட்டி எழுதியிருக்கிறார்கள், உள்ளே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். நெருங்கிய எழுத்தைப் படிக்கக் கூரான முனை வேண்டும். தேய்ந்த ஊசி அந்த மடிப்புகளுக்குள் இறங்க முடியாமல் சுவரை உரசிக்கொண்டு போகிறது. நாம் கேட்பது அந்த உரசல். அதனால்தான் முதல் பாட்டு ஓரளவு சுத்தமாகவும் கடைசிப் பாட்டு சீறலாகவும் வருகிறது. உரசல் என்றால் சத்தம் மட்டும் இல்லை, உங்கள் ரெக்கார்டும் தேய்கிறது. புது ஊசி வரும்வரை நல்ல ரெக்கார்டுகளைப் போடாதீர்கள்.

ஊசிக்கு ஆயுள் உண்டு. கார்ட்ரிட்ஜ் தயாரிக்கும் ஆடியோ-டெக்னிக்கா நிறுவனம் தன் ஊசிகளுக்குச் சொல்லும் கணக்கு: உருண்டை முனைக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300, இன்னும் நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலீனியர் வகைக்கு 1000. எல்பிக்கு நாற்பது நிமிடம் வைத்தால் 300 மணி நேரம் என்பது 450 எல்பி. உங்கள் அப்பா 1981-லிருந்து எத்தனை போட்டிருப்பார்? தேயவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஊசியைத் தாங்கும் சின்ன ரப்பர் நாற்பது வருடத்தில் இறுகிப்போயிருக்கும். ஆகவே அந்த ஊசியை பூதக்கண்ணாடியில் பார்த்து ஆராய்ச்சி செய்வதில் அர்த்தமில்லை. கழற்றிவிடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் பொருந்தும் ஊசி வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஜப்பானின் ஜிகோ போன்ற நல்ல தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களுக்கு இன்றும் ஊசி செய்கிறார்கள். ஆனால் பெயரில்லாத மலிவு ஊசிகள் நிறையச் சுற்றுகின்றன. ஒரு கடையில் 'நீள்வட்டம்' என்று சொல்லி எனக்குக் கொடுத்ததை நகைக்கடை லென்ஸில் பார்த்தேன்: பசைக் கட்டியின் நடுவே வைரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதனால் புதுக் கார்ட்ரிட்ஜாகவே வாங்குங்கள் என்பேன்.

எது? ஆடியோ-டெக்னிக்காவின் விஎம்95 வரிசை உங்கள் ஆர்முக்குப் பொருத்தம். அழகாக இருப்பதால் சொல்லவில்லை, ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்மின் எடையும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் நெளிந்த ரெக்கார்டில் ஆர்ம் துள்ளும், மேலே போனால் பாட்டின் கீழ்ஸ்தாயியில் கலக்கும். அந்தக் காலத்து எஸ் வடிவ ஆர்ம்கள் நடுத்தரமான எடை கொண்டவை. 12 கிராம் என்று வைத்து, 6 கிராம் கார்ட்ரிட்ஜையும் திருகையும் சேர்த்து, விஎம்95-இன் நெகிழ்வோடு கணக்கிட்டால் 10 சொச்சம் வருகிறது. நடுவில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் புகழ்பெற்ற, மிக நெகிழ்வான சில கார்ட்ரிட்ஜ்களைத் தேடி வாங்கி இதில் மாட்டினால் இந்த அளவு கீழே இறங்கிவிடும். விலை கூடியது என்பதால் பொருந்தும் என்றில்லை.

இந்த வரிசையில் ஒரே உடலுக்குப் பல ஊசிகள் மாற்றிக்கொள்ளலாம். முதலில் நீள்வட்ட ஊசி உள்ள விஎம்95இ வாங்குங்கள், உங்கள் தொகையில் கால் பங்குக்குள் முடிந்துவிடும். ஆறு மாதம் கேளுங்கள். உள்பள்ளத்தில் இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் மைக்ரோலீனியர் ஊசியை மட்டும் வாங்கி அதே உடலில் செருகிக்கொள்ளலாம். மேம்படுத்துவது என்று நான் ஒப்புக்கொள்ளும் செலவு இது ஒன்றுதான்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். அந்தக் காலத்து டெக்னிக்ஸ் எஸ் ஆர்ம்களுக்கு ஹெட்ஷெல்லின் பின்னால் உள்ள ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து, திருகைப் பாதி இறுக்கி, கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா என்று முன்னிருந்து பார்த்து, பிறகு முழுதாக இறுக்குங்கள். ஒரு மி.மீ. பிசகினாலும் கடைசிப் பாட்டில் அது சீறலாகத் திரும்பி வரும். ஊசி அழுத்தம் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டும் ஏறக்குறைய அதே எண்ணில். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், ஆனால் அதன் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துத் தப்புக் கணக்குக் காட்டும். ரெக்கார்டு தேயுமே என்று பயந்து 1.5 கிராமுக்குக் குறைக்காதீர்கள். அழுத்தம் போதாமல் பள்ளத்தில் குதிக்கும் ஊசிதான் அதிகம் கெடுக்கும்.

ஆம்பிளிஃபயரின் பின்னால் 'ஃபோனோ' என்று தனித் துளை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வாங்க வேண்டும். இந்த ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்குவதோடு பதிவின்போது குறைத்து வெட்டிய கீழ்ஸ்தாயியைத் திரும்ப ஏற்றவும் வேண்டும். நேராக ஆக்ஸ் என்ற சாதாரணத் துளையில் செருகினால் தகரம் தட்டுவது போல மெல்லியதாகக் கேட்கும். புது பிளேயர்கள் பலவற்றில் இது உள்ளேயே இருப்பதால்தான் 'புதுசு போட்டவுடனே சத்தம் பிரமாதம்' என்று தோன்றுகிறது.

செலவு செய்யக்கூடாதவை: ரெக்கார்டுக்கு அடியில் விரிக்கும் விலையுயர்ந்த மேட், ரெக்கார்டின் நடுவில் வைக்கும் கனமான வெயிட், ஆர்ம் ஒயர் மாற்றம், ஆர்மையே மாற்றுவது. காரார்ட் 401, தோரன்ஸ் டிடி 124 மாதிரி மெஷின்களுக்கு ஆர்ம் மாற்றுகிறார்கள், அவை அதற்கென்றே கட்டப்பட்டவை. உங்களுடையதில் வெட்டி ஒட்டினால் நல்ல பொருளும் போகும், பணமும் போகும்.

பழசு எல்லாம் வைத்துக்கொள்ளத் தக்கது என்று நான் சொல்லவில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்து நாலைந்து கிராம் அழுத்தும், ரெக்கார்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாகப் போடும் பழைய சேஞ்சர்கள், எண்பதுகளின் இறுதியில் ஸ்டீரியோ செட்டோடு வந்த முழு பிளாஸ்டிக் ஆட்டோமேட்டிக்குகள் இவற்றை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், ரெக்கார்டு போட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெல்ட் டிரைவ் ஏசி மோட்டார் மெஷின் இன்னொரு வம்பு. மின்மாற்றி போட்டு 110 வோல்ட் கொடுத்தாலும் அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். அதற்குத் தனி கப்பி வேண்டும். உங்கள் டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் மட்டும் 220 அல்லது 240-ல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊருக்கு ரிப்பேருக்கு அனுப்ப நேர்ந்தால் தட்டையும் பின் எடையையும் ஹெட்ஷெல்லையும் கழற்றித் தனியே சுற்றி, ஆர்மைக் கட்டி அனுப்புங்கள். ஒருமுறை நான் சோம்பேறித்தனமாக அப்படியே பெட்டியில் போட்டு கூரியரில் அனுப்பினேன். தட்டு எகிறி ஆர்ம் மேல் விழுந்து, நன்றாக ஓடிய மெஷின் போய்ச்சேரும்போது உதிரியாகியிருந்தது.

கடைசியாக தாத்தாவின் 78 தட்டுகள். உங்கள் மெஷினில் 33, 45 மட்டும்தான். புதிது வாங்க எனக்குத் தெரிந்து உங்களுக்கு இருக்கும் ஒரே நியாயமான காரணம் இதுதான். அந்தப் பெட்டியை உண்மையிலேயே கேட்கப் போகிறீர்கள் என்றால், மிச்சப் பணத்தைச் சேர்த்துவைத்து 78 வேகமும் உள்ள ஒன்றை இரண்டாவதாக வாங்குங்கள். ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸில் அது உண்டு, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க்-7லும் உண்டு. எல்பி ஊசியை அதில் வைக்கக்கூடாது. 78-இன் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம், மெல்லிய ஊசி அடிமட்டத்தில் உருண்டு குப்பையைத்தான் படிக்கும். விஎம்95 உடலுக்கே 78-க்கான எஸ்பி ஊசி தனியாகக் கிடைக்கிறது. அதுவரை அந்தத் தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துச் சுத்தமாக வைத்திருங்கள். துடைக்க வேண்டுமென்றால் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, லேபிள் நனையாமல். ஹெட்ஷெல்லுக்கு வாங்கிய ஆல்கஹாலை மட்டும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அரக்குத் தட்டு கரைந்துவிடும்.